ஈயக்குண்டு அச்சைச் சரியான சூட்டுக்குக் கொண்டுவருவது எப்படி? சென்னையில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தூண்டிலுக்கும் வீச்சு வலைக்கும் வேண்டிய ஈயக்குண்டுகளைத் தாமே வார்த்துக்கொள்ளத் தொடங்குபவர்கள் எல்லோரும் முதலில் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். சட்டியில் ஈயம் நன்றாக உருகிப் பளபளத்துக்கொண்டிருக்கும். ஊற்றிவிட்டு அச்சைத் திறந்தால், ஆறிய பாலின் ஆடைபோல் மேனி முழுவதும் சுருங்கி, ஓரங்கள் மழுங்கிய குண்டுதான் கிடைக்கும். உடனே அடுப்பைக் கூட்டுவார்கள். அதனால் சட்டியில் கசடு பெருகுகிறது, புகை கூடுகிறது, குண்டு மட்டும் தேறுவதில்லை. சூடு போதாமல் இருப்பது ஈயத்தில் அல்ல, அச்சில். இதை எனக்கு எவரும் தொடக்கத்தில் சொல்லாததால் வீணான நேரமும் கேஸும் அதிகம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

1. முதலில் சட்டமும் காகிதங்களும்

இணையத்தில் அச்சு தேடினால், மீன்பிடிக் குண்டு அச்சுகளுக்கு நடுவே துப்பாக்கித் தோட்டா வார்க்கும் வெளிநாட்டு அச்சுகளும் சேர்ந்தே வரும். வேலை முறையும் சூட்டுக் கணக்கும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது இந்தியாவில் குற்றம். "வடிவம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, தூண்டிலுக்குப் பயன்படுத்திக்கொள்கிறேன்" என்று அத்தகைய அச்சை வரவழைக்காதீர்கள். சுங்கத்தில் நின்றுபோனால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியது நீங்கள்தான். பேரிக்காய் வடிவம், பட்டை வடிவம், நடுவில் துளையுள்ள உருளை ஆகிய குண்டு அச்சுகளே நமக்குப் போதும்.

ஈயத்தை ஜிஎஸ்டி ரசீதோடு வாங்கி, அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பழைய இரும்புக் கடையில் துண்டுச் சீட்டில் எழுதித் தரும் கணக்கு, சரக்கு எங்கிருந்து வந்தது என்று எவராவது கேட்டால் உதவாது.

அடுக்ககத்தில் குடியிருந்தால் சங்கத்தின் அனுமதியையும், வாடகை வீடு என்றால் உரிமையாளரின் அனுமதியையும் எழுத்தில் பெறுங்கள். சொந்த உபயோகத்தைத் தாண்டி விற்பனைக்கு வார்க்கத் தொடங்கினால் அது வேறு கணக்கு: மாநகராட்சியின் தொழில் உரிமம், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு ஆகியவற்றைக் கேட்டறியாமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரை வியாபார வேலைக்குப் பயன்படுத்துவதும் விதிமீறல்.

2. ஈயம் வாங்கும்போது

கடையில் வெள்ளீயம் அல்ல, காரீயம் என்று தெளிவாகக் கேளுங்கள். பாரிமுனையைச் சுற்றியுள்ள உலோகக் கடைகளில் கட்டியாகவே கிடைக்கும். விலை நாளுக்கு நாள் மாறும். எம்சிஎக்ஸ் என்னும் பண்டச் சந்தையில் ஈயத்தின் அன்றைய விலையைக் கைபேசியில் பார்த்துவிட்டுப் போனால், அதற்கு மேல் கடைக்காரர் வைக்கும் லாபமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். தொடங்குவதற்கு 5 கிலோ போதும். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம் என்பதால், 10 கிலோ ஈயம் உருகினாலும் ஒரு லிட்டர் கூட வராது. சட்டி பாதிகூட நிரம்பவில்லையே என்று மேலும் மேலும் போட்டுக்கொண்டே போனால், அதன் காதுகளும் அடுப்பின் கால்களும் எடை தாங்காமல் சாய்ந்துவிடும்.

இரண்டு பொறிகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது பழைய பேட்டரி. அதை உடைத்து ஈயத் தகடுகளை எடுக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். அமிலமும் ஈயத் தூசியும் ஒருபுறம் இருக்க, அந்தத் தகடுகளில் சேர்க்கப்பட்டிருக்கும் பொருள்கள் நச்சு வாயுக்களையும் வெளியிடக்கூடும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியை முறையாகச் சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோதான் ஒப்படைக்க வேண்டும்.

இரண்டாவது, புதுப்பேட்டை போன்ற இடங்களில் மலிவாகக் கிடைக்கும் சக்கர பேலன்சிங் எடைகள். இவற்றில் ஈயம், துத்தநாகம், இரும்பு மூன்றும் கலந்திருக்கும். கட்டிங் பிளேயரால் கடித்துப் பாருங்கள்: ஈயம் என்றால் பிளேயர் சுலபமாக இறங்கும், துத்தநாகம் என்றால் வழுக்கும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும்; துத்தநாகத்துக்கு 419 டிகிரி வேண்டும். ஆகவே சட்டியை 380 டிகிரிக்குள் வைத்திருந்தால், தவறி விழுந்த துத்தநாகத் துண்டு உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். அடுப்பைக் கண்மூடித்தனமாகக் கூட்டினால் அதுவும் கரைந்து, பிறகு அச்சை எவ்வளவு சூடேற்றினாலும் அந்தச் சட்டி ஈயம் சரியாக ஓடாது.

3. அச்சும் கருவிகளும்

செலவில் பெரும்பங்கு அச்சுக்குத்தான் போகும். அம்பத்தூர், கிண்டித் தொழிற்பேட்டைகளில் உள்ள சிறு பட்டறைகள் இயந்திரம் ஓடும் மணிக் கணக்கில் கூலி கேட்கும். அளவுகளோடு வரைபடம் கொடுத்து, குறைந்தது இரண்டு பட்டறைகளில் எழுத்தில் விலை வாங்குங்கள். ஒரே அச்சில் மூன்று நான்கு குழிகள் வைத்துக்கொண்டால் குண்டு ஒன்றுக்கு விழும் செலவு குறையும். அதைவிட, தூண்டில் நண்பர்கள் சேர்ந்து ஓர் அச்சு செய்துகொள்வதே புத்திசாலித்தனம்.

அலுமினியமா, இரும்பா என்றால் புதியவர்களுக்கு அலுமினியமே என் தேர்வு. அது வெப்பத்தை இரும்பைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்துவதால், அச்சு முழுவதும் ஒரே சீராகச் சூடேறும். நம் கடற்கரை ஈரத்தில் துருவும் பிடிக்காது. இரும்பு அச்சு சூடேற நேரமாகும், ஆனால் ஏறிய சூட்டை விடாமல் வைத்துக்கொள்ளும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு மலிவு என்பதற்காக அதில் இறங்காதீர்கள். உள்ளே தங்கும் ஈரம் உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கவைக்கும்.

சூட்டை அளக்க ரிச்சி தெருவில் கே வகைத் தெர்மோகப்பிள் மீட்டர் வாங்கலாம். மீட்டரோடு இலவசமாக வரும் மெல்லிய கம்பிச் சென்சார் சட்டிக்குள் விடுவதற்கு ஆகாது, அதன் உறை கருகிவிடும். எஃகுக் குழாய் உறையுள்ள சென்சாரைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நெற்றியில் காட்டும் வெப்பமானிபோல் தூரத்திலிருந்து காட்டும் துப்பாக்கி மீட்டர் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பளபளப்பான ஈயத்திலும் பளபளப்பான அலுமினியத்திலும் அது உண்மையான சூட்டைவிட மிகக் குறைவாகவே காட்டும். அச்சின் வெளிப்பக்கத்தில் ஓர் இடத்தில் கரி படியவிட்டு, அந்தக் கறுத்த இடத்தைக் குறிவைத்தால் கணக்கு ஓரளவு சரியாக வரும்.

4. இடமும் நேரமும்

சமையலறையில் செய்யக் கூடாது. ஈயத்துக்குப் பயன்பட்ட சட்டியும் கரண்டியும் மறுபடி சமையலுக்கு வரவே கூடாது. மொட்டை மாடிதான் பலருக்குத் தோன்றும் இடம். ஆனால் 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால், உங்கள் மாடியில் விழும் தண்ணீர் கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகிறது. கசடுத் தூசியை அங்கே சிந்தினால் அடுத்த மழையில் அதுவும் கூடவே போகும். கூரையுள்ள, பக்கங்கள் திறந்த கொட்டகை கிடைத்தால் அதுவே நல்லது. தரையில் தகரம் விரித்துக்கொள்ளுங்கள்.

காலை நேரம் உகந்தது. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்துவிட்டால் அச்சின் சூடு காற்றோடு போய்விடும், அடுப்புச் சுடரும் நிலையாக நிற்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை தூறும் நாள்களில் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் அகப்பட்டால் நொடியில் ஆவியாகி ஈயத்தை நாலாபுறமும் வாரி இறைக்கும். நெற்றி வியர்வை சட்டிக்குள் விழுந்தாலும் அதே கதைதான்; துண்டு கட்டிக்கொள்ளுங்கள். கடலிலிருந்து மீட்ட பழைய குண்டுகளில் உப்பும் ஈரமும் விரிசலுக்குள் தங்கியிருக்கும். அவற்றைக் காலிச் சட்டியில், அடுப்பு பற்றவைக்கும்போதே போட வேண்டும், உருகிய ஈயத்தில் இடையில் போடக் கூடாது.

முழுக்கை பருத்திச் சட்டை, நீளக் காற்சட்டை, மூடிய தோல் காலணி, தோல் கையுறை, கண்ணாடி ஆகியவை இல்லாமல் தொடங்காதீர்கள். 500 டிகிரிக்குக் கீழ் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு; உடம்புக்குள் போவது பெரும்பாலும் கசடுத் தூசியும் கையில் ஒட்டியதும்தான். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்தப் பக்கமே வரக் கூடாது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. அடிக்கடி வார்ப்பவர்கள் ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

5. அச்சைத் தயார் செய்தல்

பட்டறையிலிருந்து வரும் புது அச்சில் கட்டிங் ஆயில் படிந்திருக்கும். அதைப் போக்காமல் வார்த்தால் எண்ணெய் புகைந்து, சூடு சரியாக இருந்தும் குண்டில் சுருக்கம் விழும். புதியவர் அதைப் பார்த்து அச்சுக்குச் சூடு போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் பல் துலக்கும் பிரஷால் குழிகளைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் முழுவதும் உலர்த்துங்கள். அசிட்டோனால் துடைப்பதாக இருந்தால் அடுப்பு பற்றவைப்பதற்கு நெடுநேரம் முன்பே, வேறிடத்தில் துடைத்துவிடுங்கள்.

பிறகு கற்பூரச் சுடரையோ சிமினி விளக்கின் புகையையோ குழிகளுக்குள் காட்டி மெல்லிய கரி படியவிடுங்கள். இந்தக் கரி, ஈயம் அச்சில் பட்டதும் உறைந்துவிடாமல் ஒரு கணம் தாமதப்படுத்தும். குண்டும் ஒட்டாமல் விழும். தடிமனாகப் படிந்தால் குண்டின் அளவு குறையும், ஆகவே சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்திவிடலாம்.

6. அச்சைச் சூடாக்குதல்

"நாலைந்து முறை ஊற்றினால் அச்சு தானாகச் சூடேறிவிடும்" என்பார்கள். கணக்கு போட்டுப் பார்த்தால் அது நடக்காது என்பது புரியும். ஒரு கிலோ அலுமினிய அச்சை 30 டிகிரியிலிருந்து, வார்க்கத் தோதான 180 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 135 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். 380 டிகிரியில் ஊற்றிய 100 கிராம் குண்டு, உறைந்து 200 டிகிரிக்கு ஆறும்வரை அச்சுக்குக் கொடுப்பது ஏறத்தாழ 5 கிலோ ஜூல்தான். காற்றில் ஒரு துளி வெப்பமும் போகாது என்று வைத்துக்கொண்டால்கூடச் சுமார் 27 முறை ஊற்ற வேண்டும். உண்மையில் நீங்கள் திறந்து, தட்டி, மூடும் நேரத்தில் வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். 20 கிராம் குண்டு வார்ப்பவர் நாள் முழுக்க ஊற்றினாலும் அச்சு அந்தச் சூட்டை எட்டாது. எனவே அச்சை அடுப்பில் தனியாகச் சூடேற்றியே ஆக வேண்டும்.

அதற்கு இரண்டு பர்னர் உள்ள பழைய கேஸ் அடுப்பு வசதி. ஒன்றில் ஈயச் சட்டி. மற்றொன்றில் தடித்த தோசைக் கல்லை வைத்து, சிறு தணலில், மூடிய அச்சை அதன்மேல் வையுங்கள். நேரடிச் சுடரில் அச்சைக் காட்டினால் ஒரு பக்கம் மட்டும் விரிந்து, இரண்டு பாதிகளும் சரியாகப் பொருந்தாமல் போகும். ஊற்றும் வாயை மூடும் மேல்தகடு உங்கள் அச்சில் இருந்தால், அந்தத் தகடும் கல்லில் படுமாறு அவ்வப்போது அச்சைப் புரட்டிவையுங்கள். அச்சு சூடாகவும் தகடு சில்லென்றும் இருந்தால் ஈயம் வாயிலேயே உறைந்து, கீழே குழி பாதி வெறுமையாக நிற்கும். இந்தத் தகட்டை மறந்துவிடுபவர்கள்தான் அதிகம்.

ஈயம் உருகக் கால் மணி முதல் அரை மணி நேரம் பிடிக்கும்; அச்சையும் அதே நேரத்தில் கல்லில் வைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகத் தயாராகும். உருகியதும் பட்டாணி அளவு மெழுகுவர்த்தித் துண்டைப் போட்டுக் கலக்கி, மேலே ஒதுங்கும் கசடை வாரி ஒரு தகர டப்பாவில் போடுங்கள். மெழுகு குபீரெனத் தீப்பிடிக்கும், முகத்தைத் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள்.

அச்சு தயாரா என்பதை அறிய அலுமினிய அச்சுக்கு மட்டும் பொருந்தும் சோதனை ஒன்று இருக்கிறது. மூடிய அச்சின் ஒரு மூலையை, குழிகளுக்குள் ஈயம் புகாதபடி, உருகிய ஈயத்தில் அரை விரல் ஆழம் நனைத்து எடுங்கள். அச்சு குளிர்ந்திருந்தால் அந்த மூலையில் ஈயம் உறைந்து கட்டியாக ஒட்டிக்கொண்டு வரும். அப்படியே மீண்டும் நனைத்துப் பிடித்துக்கொண்டிருங்கள். கட்டி கரைந்து, வெளியே எடுக்கும்போது ஈயம் ஒட்டாமல் வழிந்து, மூலை சுத்தமாக வந்தால் வார்க்கத் தொடங்கலாம். இரும்பு அச்சை இப்படி நனைக்காதீர்கள், ஒரு மூலைமட்டும் திடீரெனச் சூடேறி வளைந்துவிடும். அதற்குத் தோசைக் கல்லும் பொறுமையும்தான் வழி.

தூண்டில் குண்டின் காதுக்காக வைக்கும் பித்தளை அல்லது எஃகுக் கம்பிகளையும் அதே கல்லின் ஓரத்தில் பரப்பிவைத்திருங்கள். குளிர்ந்த கம்பியைச் செருகினால் அதைச் சுற்றிலும் ஈயம் முன்கூட்டியே உறைந்து, கம்பிக்கும் ஈயத்துக்கும் நடுவே இடுக்கு விழும். கடலில் ஒரு பாறையில் சிக்கி இழுக்கும்போது கம்பி மட்டும் கையோடு வரும்.

7. ஊற்றுதல்

கரண்டியை ஈயத்திலேயே கிடக்கவிடுங்கள், அதுவும் சூடாக இருக்க வேண்டும். நிறைய மொண்டு, தயங்காமல் ஒரே ஒழுக்காக ஊற்றி, வாயின் மேல் சிறு குட்டைபோல் ஈயம் தேங்கும்வரை நிரப்புங்கள். குழிக்குள் ஈயம் உறைந்து சுருங்கும்போது, அந்தத் தேக்கத்திலிருந்துதான் கீழே இறங்கி ஈடுசெய்யும்.

இனி அந்தத் தேக்கத்தையே பாருங்கள். முதலில் கண்ணாடிபோல் மின்னும். பிறகு நடுவில் சிறு குழி விழுந்து, ஓரத்திலிருந்து மினுமினுப்பு மங்கி, சட்டென்று முழுவதும் மந்தமாகிவிடும். ஊற்றிய உடனேயே மங்கிவிட்டால் அச்சு இன்னும் குளிர்ச்சி. நான்கைந்து விநாடிகளில் மங்கினால் சரியான சூடு. பத்து விநாடி கடந்தும் மின்னிக்கொண்டிருந்தால் அச்சு அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டது. பெரிய குண்டுக்கு இந்த விநாடிகள் கூடும், ஆனால் ஒரே அச்சில் ஒப்பிட்டுப் பார்க்கும்போது இதைவிட நம்பகமான மீட்டர் வேறில்லை என்பது என் கருத்து.

தொடங்கியபின் வேகம் மாறாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நன்றாக வந்த குண்டைக் கையிலெடுத்துப் புரட்டிப் புரட்டி ரசித்துக்கொண்டிருந்தால் அச்சு ஆறிவிடும்; அடுத்த இரண்டு மூன்று குண்டுகள் கெட்டுப்போகும். விழுந்த குண்டுகளைப் பருத்தித் துணி விரித்த தட்டில் தள்ளிவிட்டுத் தொடருங்கள், வேலை முடிந்தபின் பொறுக்கிப் பார்க்கலாம். தேநீர் குடிக்கவோ கைபேசியை எடுக்கவோ எழுந்தால் அச்சை மூடித் தோசைக் கல்லில் வைத்துவிட்டு, கையையும் கழுவிவிட்டுப் போங்கள்.

8. குண்டைப் பார்த்துக் கோளாறை அறிதல்

சுருக்கமும் மழுங்கிய ஓரமும் அச்சின் குளிர்ச்சிக்கு அடையாளம். முதல் சில குண்டுகள் இப்படி வருவது இயல்பு, அவை சட்டிக்கே திரும்பட்டும். பத்துப் பதினைந்து தாண்டியும் சுருக்கம் போகவில்லை என்றால் எண்ணெயைச் சந்தேகியுங்கள், ஐந்தாம் படிக்குத் திரும்பிக் கழுவுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே மூலை மட்டும் நிரம்பாமல் நின்றால் அது சூட்டின் குறை அல்ல, உள்ளே அகப்பட்ட காற்றின் வேலை. அந்த இடத்திலிருந்து அச்சின் விளிம்புவரை, பொருந்தும் முகத்தில், ஹாக்சா பிளேடின் முனையால் மெல்லிய கீறல் ஒன்று போட்டால் காற்று வெளியேறும். கீறல் ஆழமானால் ஈயமே வழியும். முதலில் மெல்லியதாகப் போட்டுப் பாருங்கள்.

மேனி முழுவதும் பனி படர்ந்த சாம்பல் நிறத்தில், ஆனால் ஓரங்கள் கூர்மையாக வந்தால் அச்சுக்குச் சூடு சற்று அதிகம். தூண்டில் குண்டுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை, மீன் அதைப் பார்த்து முகம் சுளிக்கப்போவதில்லை. வாயின் அடியில் பள்ளமோ ஓட்டையோ விழுந்தால்தான் கவனிக்க வேண்டும். அப்போது ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே சற்றுக் கூடுதல் நேரம் விட்டு, மேல் தேக்கத்தைப் பெரிதாக்குங்கள். ஆற்றுவதற்கு அச்சைத் தண்ணீரில் முக்காதீர்கள், ஈரத் துணியில் வைக்கவும் வேண்டாம். தடித்த அலுமினியத் தகட்டின்மேல் சிறிது நேரம் வைத்தாலே போதும்.

இரண்டு பாதிகளின் நடுவே செதில்போல் ஈயம் பிதுங்கினால், பொருந்தும் முகத்தில் ஈயத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதை மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். இரும்புக் கத்தி அலுமினியத்தில் நிரந்தரமான கோடு போட்டுவிடும்.

9. முடித்தபின்

அடுப்பை அணைத்தபின் ஈயம் உறைந்து, சட்டி கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை அதை நகர்த்தாதீர்கள். மேலே உறைந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே திரவமாக இருக்கும். இரும்பு அச்சாக இருந்தால் கடைசிக் குண்டை எடுக்காமல் உள்ளேயே விட்டு மூடி, ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். துருவிலிருந்து குழியை அதுவே காக்கும். அலுமினிய அச்சுக்கு இது தேவையில்லை.

கசடு டப்பாவை இறுக மூடி, பெயர் எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, ஈயக் கழிவு வாங்க அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். அதை மாநகராட்சிக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. தகர விரிப்பைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கசடோடு சேர்த்துவிடுங்கள். உடுத்திய உடையை வீட்டுத் துணிகளோடு கலக்காமல் தனியாகத் துவைத்து, முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவிக் குளித்த பிறகே சாப்பாட்டுத் தட்டைத் தொடுங்கள்.